அயல்மொழி கற்போரின் அன்றாட ஒழுங்கு: சீகன்பால்கு, போப் ஆகியோரின் தமிழ்க் கல்வியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

பிறந்த மண்ணை விட்டு வந்து தமிழ் கற்ற ஐரோப்பியரின் அன்றாட ஒழுங்கு, அவர்களுடைய தனிப்பட்ட விடாமுயற்சிக்குச் சான்றாகவே இதுவரை பெரிதும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அவ்வொழுங்கு அவர்களுக்கு ஆறுதலாகவும் அமைந்தது என்பதையும், அவ்வாறுதல் பிறர் தந்த நேரத்திலிருந்து பிறந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வகுத்துக்கொண்ட நாள்முறை, சென்னையில் போப் இராமாநுச கவிராயரிடம் பெற்ற கல்வி, போப்பின் கையேடு, திருவாசக மொழிபெயர்ப்புக்கு அவர் எழுதிய முன்னுரை ஆகியன நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் மாணாக்கர் நெறியோடு ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அயல்மொழிக் கல்வி, அன்றாட ஒழுங்கு, நன்னூல், சீகன்பால்கு, ஜி. யு. போப், இராமாநுச கவிராயர், இரட்டை வழக்கு, சாந்தோம், மயிலாப்பூர்

முன்னுரை

அயல்நாட்டில் ஒரு மொழியைக் கற்கப் புகும் வயது வந்த மனிதர் எதிர்கொள்ளும் இழப்புகளுள் சொல்வன்மை இழப்பு முதன்மையானது. தம் ஊரில் வாதிடவும் நகைக்கவும் ஆறுதல் கூறவும் வல்லவராக இருந்தவர், புதிய ஊரில் தண்ணீர் கேட்பதற்கும் தடுமாறுகிறார். அறிவு குறையவில்லை; அதை வெளிப்படுத்தும் வாயில் அடைபட்டுவிடுகிறது. இந்நிலையில் குறித்த நேரத்தில் எழுவதும், குறித்த பாடத்தைத் திருப்பிச் சொல்வதும், குறித்த மனிதரைச் சந்திப்பதும் அவருக்குப் பற்றுக்கோடாகின்றன. அடுத்த மணியில் என்ன நிகழும், எவ்வகைச் சொற்கள் வரும் என்பதை முன்னரே அறிந்திருப்பது அச்சத்தைத் தணிக்கிறது.

தமிழியல் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. ஆயினும் அவை எழுதப்பட்டுள்ள முறை ஒருபக்கச் சார்பானது. ஐரோப்பியத் தமிழறிஞர் வரலாறுகள் அவர்தம் உழைப்பைப் போற்றுகின்றன. இத்தனை திங்களில் பேசினார், இத்தனை ஆண்டில் நூல் செய்தார் என்று கணக்கிடுகின்றன. அந்த நாள்களை அவர்களோடு பகிர்ந்துகொண்ட தமிழாசிரியரும் எழுத்தரும் படித்துக்காட்டியவரும் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. ஆறுதல் எங்கிருந்து வந்தது என்ற வினா எழுப்பப்படும்போதுதான் அவர்கள் தென்படுகின்றனர்.

நன்னூல் காட்டும் நாள்முறை

பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்டலின் வரலாற்றைக் கூறுகிறது. மாணாக்கர் உரிய காலத்தில் ஆசிரியரிடம் செல்ல வேண்டும் என்று தொடங்கும் அப்பகுதி, மொழி வழக்கினை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதை மீள நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் அகலக் கேட்டல், ஒத்த தகுதியுடையாரோடு பழகுதல், கேள்வி எழுப்புதல், பிறர் எழுப்பிய கேள்விக்கு விடை கூறுதல் ஆகியவற்றை அறியாமை நீங்கும் வழிகளாக வகுக்கிறது. இரண்டாம் முறை கேட்பவரிடம் பிழை குறையும் என்றும், மூன்றாம் முறை கேட்பவர் கற்பிக்கும் முறையையே அறிவார் என்றும் அது மேலும் கூறுகிறது.

இவ்விதிகளில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, திரும்பச் செய்தலுக்குத் தரப்படும் இடம். ஒரே பாடத்தை மறுபடியும் கேட்பது மாணவரின் குறைபாடாகக் கருதப்படவில்லை. கல்வியின் இயல்பான படிநிலையாகவே கொள்ளப்படுகிறது. இரண்டாவது, மனிதர்க்குத் தரப்படும் இடம். ஆசிரியர் சொன்னதை முழுதும் கொண்டாலும் கிடைப்பது புலமையின் காற்பங்கே; உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூலின் கணக்கு. தனித்திருந்து படிப்பதற்கு இக்கணக்கில் தனிப்பங்கு ஒதுக்கப்படவில்லை. நாள்தோறும் திரும்பச் செய்தல், அதைப் பிறரோடு செய்தல் என்னும் இவ்விரண்டுமே அயல்மொழி கற்போரின் நாள்முறையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாக இங்குக் கொள்ளப்படுகின்றன.

தரங்கம்பாடியில் ஒரு நாள்

சென்னையில் தமிழ் கற்ற ஐரோப்பியரைக் கருதுமுன், மணிவாரியாக நாள்முறையைப் பதிந்துவைத்த முன்னோடி ஒருவரை நோக்குதல் தேவையாகிறது. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 23. தொடக்கத்தில் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்து பழகினார். முதிய ஆசிரியர் ஒருவரும், ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்கு உதவினர். ஈராண்டுகளுக்குப் பின், 1708இல் ஐரோப்பாவுக்கு எழுதிய மடலொன்றில் தம் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அவர் விவரித்தார்.

காலை 6 மணிக்குத் தமிழில் ஞானோபதேசம் விளக்குதல், 7 முதல் 8 வரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீள நினைத்தல், 8 முதல் 12 வரை தாம் முன்பு படித்திராத தமிழ் நூல்களை ஆசிரியர் துணையோடு படித்தல், அப்போது எழுத்தர் ஒருவர் உடனிருந்து புதிய சொற்களைக் குறித்துக்கொள்ளுதல், நண்பகல் உணவு, வெயில் கடுமையால் ஒரு மணி நேர ஓய்வு, பிற்பகலில் வினாவிடை வகுப்பு, 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள், அதன்பின் வழிபாடும் உரையாடலும், இரவு 7 முதல் 8 வரை, விளக்கொளியில் கண்ணை வருத்தலாகாது என்பதால், தமிழ் எழுத்தர் ஒருவர் படித்துக்காட்டக் கேட்டல் என அவ்விவரம் அமைகிறது.

இதனை நன்னூல் நெறியோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் பொருத்தம் புலப்படுகிறது. காலை 7 மணிப் பயிற்சி கேட்டதை மீள நினைத்தலாகும். முற்பகல் நான்கு மணி நேரம் ஆசிரியரை அடுத்துக் கேட்டலாகும். பிற்பகல் வகுப்பு வினாவும் விடையுமாகும். காலையில் பிறருக்கு விளக்குதல், நன்னூல் அரைப்பங்கு தரும் உரைத்தலுக்கு நிகராகும். சீகன்பால்கு நன்னூலைப் பின்பற்றி இதனை வகுத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருக்குக் கற்பித்த முதியவர் தமிழ்க் கல்வி மரபில் வந்தவர் என்பதே இப்பொருத்தத்திற்குப் போதிய விளக்கமாகலாம்.

இந்நாள்முறையில் வெளிப்படையாகத் தனிமைக்கு உரியன சொற்களை மீள நினைக்கும் ஒரு மணியும் நண்பகல் ஓய்வுமே. மற்றவற்றுள் பெரும்பான்மையான மணிகளில் இன்னொருவர் உடனிருக்கிறார். இரவு 7 மணி இவ்வகையில் தனிக் கவனத்திற்குரியது. பகலெல்லாம் புதுச் சொற்களோடு போராடியவர், அந்நேரத்தில் எதையும் செய்ய வேண்டியதில்லை. இன்னொருவர் குரலைக் கேட்டிருந்தால் போதும். மொழி அப்போது தேர்வாக இல்லாமல் ஓசையாக அவரை வந்தடைகிறது. பட்டியலில் ஆறுதல் என்ற சொல் இல்லை. அது இடம்பெறும் மணி இதுவே எனலாம்.

இம்மடலை வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அது பணியின் பயனை அறிய விரும்பிய ஐரோப்பிய நண்பர்களுக்கு எழுதப்பட்டது. வீணான மணி ஒன்றும் இல்லை எனக் காட்டும் நோக்கம் அதற்கு இயல்பாகவே உண்டு. தவறிய பாடம், புரியாத நாள், ஊர் நினைவு ஆகியவற்றுக்கு அப்பட்டியலில் இடமில்லை. அதே ஆண்டின் இறுதியில் டேனிய ஆளுநரால் சிறைப்படுத்தப்பட்ட சீகன்பால்கு நான்கு திங்கள் இவ்வொழுங்கினின்று பிரிக்கப்பட்டார் என்பதையும் நோக்க, பட்டியலின் திண்மை எத்துணை நொய்தான சூழலின் மேல் நின்றது என்பது விளங்கும். ஆயினும் உழைப்பை விளம்பரப்படுத்த எழுந்த அம்மடலே, அவ்வுழைப்பு ஆசிரியர், எழுத்தர், படித்துக்காட்டுபவர் ஆகியோரின்றி இயலாது என்பதையும் காட்டிவிடுகிறது. அம்மூவரும் பட்டியலில் பணியால் மட்டுமே சுட்டப்படுகின்றனர்.

சென்னைக் கல்லூரி: நேரம் நிறுவனமாதல்

தரங்கம்பாடியில் ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கு, ஒரு நூற்றாண்டுக்குப் பின் சென்னையில் அரசு ஏற்பாடாயிற்று. எல்லிசின் முயற்சியால் 1812இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கல்விச் சங்கம் எனப்படும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கும்பினியின் இளம் அலுவலர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்தது. நுங்கம்பாக்கத்தின் கல்லூரிச் சாலை அதன் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை முதலியோர் அங்குப் பணியாற்றினர். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடையும் இலக்கண வினாவிடையும் இக்கல்விச் சூழலில் தோன்றியவை. கற்பவரோடு நாள்தோறும் அமர்ந்து ஒரே ஐயத்தைப் பலமுறை தீர்த்துவைத்த ஆசிரியரின் அனுபவம், வினாவிடை என்னும் வடிவில் நூலாயிற்று.

இம்மாற்றத்திற்கு இரு முகங்கள் உண்டு. ஆசிரியரின் நேரத்திற்கு ஊதியமும் நிலையும் கிடைத்தன. தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் ஊக்கம் பிறந்தது. மறுபுறம், கற்பவர் ஆளுவோராகவும் கற்பிப்பவர் ஆளப்படுவோராகவும் இருந்தமையால் அந்த நேரம் விலைக்கு வாங்கப்பட்ட நேரமாயிற்று. மாணவரின் மன அமைதி ஆசிரியரின் பணிவைச் சார்ந்திருந்தது. அன்றாட ஒழுங்கின் ஆறுதலைப் போற்றும் எந்த ஆய்வும் இந்த ஏற்றத்தாழ்வைக் கடந்து செல்ல இயலாது.

சாந்தோமும் கவிராயரும்

1838 சனவரியில் கால்டுவெல்லும், 1839இல் ஜி. யு. போப்பும் சென்னை வந்தனர். கால்டுவெல் தெற்கே செல்வதற்கு முன் மூன்றாண்டுகளுக்கு மேல் இந்நகரில் தங்கித் தமிழ் பயின்றார். போப் கடலையொட்டிய சாந்தோமில் தம் தமிழக வாழ்வைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19. அவருக்கு வாய்த்த ஆசிரியர் முகவை இராமாநுச கவிராயர். துரு பாதிரியார் 1840இல் வெளியிட்ட திருக்குறள் பதிப்பில் பரிமேலழகர் உரைக்கு விளக்கம் எழுதியவரும், நன்னூலுக்கு உரை வகுத்தவரும் இவரே. துரு, வின்சுலோ, போப் எனப் பலரின் தமிழ்க் கல்வி இவர் ஒருவரது நேரத்தைச் சார்ந்திருந்தது.

இங்கு இரண்டு செய்திகள் இணைகின்றன. முதலாவது, மாணாக்கர் நாள்தோறும் செய்ய வேண்டுவனவற்றை வகுக்கும் நன்னூலுக்கு உரையெழுதியவரே போப்புக்கு ஆசிரியராக அமைந்தார். தமிழ் மரபு கூறும் மாணாக்கர் நெறி அயல்நாட்டு இளைஞர் ஒருவருக்கு ஆசிரியர் வழியாகவே சென்றடையும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. பிற்காலத்தில் போப் தம் பெரிய இலக்கண நூலுடன் நன்னூலையும் சேர்த்து வெளியிட்டமை இத்தொடர்ச்சிக்குச் சான்றாகும். இரண்டாவது, கவிராயரும் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். முகவை என்னும் இராமநாதபுரம் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொழி மாறாவிடினும் ஊர் மாறியவர். புதிய நகரில் கற்பித்தலையும் அச்சுப் பணியையும் கொண்டு தம் வாழ்வை அமைத்துக்கொண்டவர். கற்கும் வேளை மாணவருக்கு மட்டுமே பற்றுக்கோடாக இருந்தது எனக் கொள்வதற்கு இல்லை.

கையேட்டில் ஆசிரியரின் குரல்

போப் உருவாக்கிய தமிழ்க் கையேடு, மக்களின் பொது வழக்கிற்கு அறிமுகம் என்றும், ஒல்லெண்டார்ஃபு, அர்னால்டு ஆகியோர் வகுத்த முறையில் அமைந்தது என்றும் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. ஒல்லெண்டார்ஃபு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவலாக வழங்கியது. சில சொற்களை அறிமுகப்படுத்தி, அவற்றையே மாற்றி மாற்றி வினாவாகவும் விடையாகவும் அமைத்து, நாவில் பதியும் வரை திரும்பச் சொல்லவைப்பது அதன் இயல்பு. பொருளற்ற வாக்கியங்களை உருவாக்குகிறது என்ற எள்ளலுக்கும் அம்முறை ஆளானது.

அந்த எள்ளல் முழுதும் பொருந்தாது. இருவர் மாறி மாறிப் பேசும் அமைப்பை அம்முறை அச்சில் நிலைநிறுத்த முயன்றது. கேள்வி எழுப்புதலும் விடை கூறுதலும் நன்னூல் கூறும் வழிகளே என்பதால், ஐரோப்பிய முறை தமிழ் மண்ணில் எளிதில் வேர்கொள்ள இடமிருந்தது. ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் கற்பவருக்கு ஒரு குரல் துணையாக இருக்க அது வழிசெய்தது.

ஆயினும் நூலின் வினா, விடை அறிந்த வினா. எதிரில் இருப்பவர் நேற்று வந்தாரா, இன்று சோர்ந்திருக்கிறாரா என்பதை அது அறியாது. கேட்டவர் முகம் சுளித்தாரா, புன்னகைத்தாரா என்பதையும் அது காட்டாது. திரும்பச் செய்தலை நூலால் தர இயலும். உடனிருத்தலைத் தர இயலாது. நன்னூல் ஒருசேரக் கூறிய இரண்டும் இங்குப் பிரிகின்றன.

போப்பின் முன்னுரை: ஒழுங்கு இல்லமாதல்

அன்றாடக் கல்வி ஒருவர்க்கு என்னவாக மாறக்கூடும் என்பதற்கு 1900இல் வெளிவந்த திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரை அரிய சான்றாகும். தம் 80ஆம் பிறந்தநாளான ஏப்ரல் 24ஆம் நாளில் அதனை முடித்த போப், தமக்குத் தமிழின் முதல் பாடம் கிடைத்த ஆண்டு 1837 என்று கணக்கிட்டுப் பதிகிறார். 63 ஆண்டுகளின் முடிவை உணர்ச்சிப் பெருக்கோடு குறிப்பிடுகிறார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டுடன் நிகழ்ந்த உரையாடலையும் நினைவுகூர்கிறார். இப்பணியை முடிக்கத் தமக்கு ஆயுள் போதுமா என்று ஐயுற்றபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நெடுநாள் வாழ வழி என்னும் கருத்துப்பட அவர் ஊக்கியதை எழுதுகிறார்.

இம்முன்னுரையை ஆன்மிக உருக்கத்தின் வெளிப்பாடாக மட்டும் வாசிப்பது வழக்கம். அது ஒரு நாள்முறையின் முடிவைப் பற்றிய எழுத்துமாகும். சாந்தோமில் தமிழ் அவருக்கு அயல்மொழி. அதைக் கற்பதற்கு ஒழுங்கு துணையாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் நிலை தலைகீழாகிறது. தமிழ் பேசுவோர் அரிதான அந்நகரில், தமிழ் நூலோடு அமர்வதே அவரது நாளுக்கு வடிவம் தந்தது. மொழியைக் கற்க உதவிய பழக்கம், பின்னர் அம்மொழியிலேயே குடியிருக்கும் பழக்கமாயிற்று. முதல் பாடத்தின் ஆண்டை அவர் மறவாமல் குறித்தமை இதனாலேயே பொருள் பெறுகிறது.

மாட வீதியின் பாடம்

இன்றைய சென்னையிலும் இவ்வினா உயிருடன் உள்ளது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அயல்நாட்டு ஆய்வாளர் நாடும் இடங்களாக உள்ளன. அவர்கள் எதிர்கொள்ளும் தனித்த இடர்ப்பாடு தமிழின் இரட்டை வழக்கு. நூலில் 'எவ்வளவு' என்று கற்றவர் கடைத்தெருவில் 'எவ்ளோ' என்று கேட்கிறார். 'இருக்கிறது' அங்கு 'இருக்கு' ஆகிறது. ஷிஃப்மனின் பேச்சுத் தமிழ் இலக்கணமும் (1999), ஆஷர், அண்ணாமலை ஆகியோரின் பேச்சுத் தமிழ்ப் பாடநூலும் (2002) இவ்வேறுபாட்டை முறையாக விளக்கியுள்ளன. இருப்பினும் விளக்கம் அறிவதும் செவி பழகுவதும் வேறு.

செவி பழகுவதற்கு மாறாத சூழல் தேவை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடை அத்தகைய சூழலுக்கு எடுத்துக்காட்டு. ஒரே நேரத்தில் ஒரே கடைக்குச் செல்லும் ஒருவர் முதல் வாரத்தில் விலையைக்கூடப் பிரித்தறியார். ஆனால் கேட்கப்படும் கேள்விகள் சில. அவை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வருகின்றன. என்ன வேணும், எவ்ளோ வேணும், வேற என்ன என்பன பழகியபின், புதிதாக வரும் சொல் மட்டும் தனித்துக் கேட்கிறது. நன்னூல் கூறும் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இங்கு நிகழ்கின்றன.

பின்னர் ஒருநாள், முந்தின நாள் செல்லத் தவறியவரிடம் 'நேத்து உங்களைக் காணோமே?' என்று கடைக்காரர் கேட்கக்கூடும். இவ்வாக்கியத்தை எந்தப் பாடநூலும் முதல் பாடத்தில் பொருளோடு வைக்க இயலாது. புதியவரை நோக்கி அதனைச் சொல்ல முடியாது. முன்பு தொடர்ந்து வந்தவர்க்கே அது உரியது. தம் வரவு மட்டுமல்லாமல் வாராமையும் ஒருவரால் கவனிக்கப்பட்டது என்று அது கற்பவருக்கு அறிவிக்கிறது. அன்றாட ஒழுங்கு தரும் ஆறுதலின் உள்ளடக்கம் இதுவே. இங்கு ஊதியமோ ஆளுகையோ இடைப்படவில்லை. வாங்குபவர் விற்பவர் என்ற உறவு உண்டெனினும், விசாரிப்பு அவ்வுறவின் கடமைக்குள் அடங்குவதன்று.

தொகுப்புரை

அயல்மொழி கற்போரின் நாள்முறை, திரும்பச் செய்தல், உடனிருத்தல் ஆகிய இரண்டையும் கொண்டது. சீகன்பால்குவின் பட்டியலில் இரண்டும் இணைந்திருந்தன. சென்னைக் கல்லூரி உடனிருத்தலைப் பணியாக்கியது. கையேடு திரும்பச் செய்தலைப் பிரித்தெடுத்து நூலாக்கியது. போப்பின் முதுமையில் அப்பழக்கம் வாழ்விடமாயிற்று. இவையனைத்தையும் தனிமனித விடாமுயற்சியின் வரலாறாக எழுதுவது, கவிராயர் போன்றோரின் உழைப்பை மறைப்பதோடு, கற்பவர்க்கு ஆறுதல் எவ்வாறு கிட்டியது என்பதையும் விளக்காமல் விட்டுவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு பரிந்துரைகள் எழுகின்றன. ஐரோப்பியத் தமிழறிஞரின் மடல்களும் முன்னுரைகளும் அவர்தம் ஆசிரியர், எழுத்தர், படித்துக்காட்டியோர் ஆகியோரின் பணிப்பதிவுகளாகவும் ஆராயப்பட வேண்டும். அயல்நாட்டவர்க்கான தமிழ் வகுப்புகள், பாடத்திட்டத்தோடு, ஒரே மனிதரை ஒரே நேரத்தில் நாள்தோறும் சந்திக்கும் ஏற்பாட்டையும் கல்வியின் உறுப்பாகக் கொள்ள வேண்டும்.

1968இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரைச் சாலையில் நிறுவப்பட்ட சிலைகளுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவர் அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவர். அச்சாலை தெற்கே சாந்தோமுக்குச் செல்கிறது. அன்று நிறுவப்பட்ட சிலைகளின் வரிசையில் இராமாநுச கவிராயர் இல்லை.